ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே: சாலைக்கு முழு மதிப்பெண், டிக்கெட்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஜாஸ்பரையும் லேக் லூயிஸையும் இணைப்பது 93 வடக்கு நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற பெயரில்தான் உலகம் அதை அறியும். இடையில் ஒரு ஊர் கிடையாது. சரக்கு லாரிகளுக்கு அனுமதி கிடையாது. வேக வரம்பு பெரும்பாலும் 90, இரண்டு இடங்களில் மட்டும் 50. நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்தச் சாலையில் நிற்காமல் ஓட்டுவதற்கு யாரும் விமானம் ஏறி வருவதில்லை. நியாயமாகப் பார்க்க ஒரு முழு நீளக் கோடைப் பகல் வேண்டும், இரண்டு நாள் கிடைத்தால் நல்லது.

1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவதற்காக 1931இல் தொடங்கப்பட்ட பாதை இது. 1940இல் திறந்தார்கள். பிறகு அகலப்படுத்தி, தார் போட்டு, ஓரங்களில் நிறுத்துமிடங்கள் அமைத்தார்கள். வளைவுகள் அகலமானவை, ஏற்றங்கள் பெரும்பாலும் மெதுவானவை. ஆகவே மலைச்சாலை என்றாலே கை நடுங்குபவரும் இதைத் தயங்காமல் ஓட்டலாம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்க ஓட்டம் பழகவும் இது நல்ல இடம். நெரிசல் இல்லை, சிக்னல் இல்லை.

முதல் முடிவு திசை. பெரும்பாலானோர் கால்கரி விமான நிலையத்தில் இறங்குவதால் தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள். எங்கள் பரிந்துரை எதிர்த்திசை: முந்தைய நாளே ஜாஸ்பர் போய்த் தங்கிவிட்டு, காலையில் தெற்கு நோக்கிக் கிளம்புங்கள். காரணம் எளிது. அத்தபாஸ்கா அருவி, சன்வாப்டா அருவி, ஸ்டட்ஃபீல்ட் பனியாறு, பார்க்கர் ரிட்ஜ், மிஸ்டாயா கேன்யன், பீட்டோ ஏரி, போ ஏரி என்று பார்க்க வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே சாலையின் மேற்குப் பக்கம். தெற்கே போகும்போது அது உங்கள் வலப்பக்கம். எதிரே வரும் வண்டிகளை வெட்டித் திரும்பாமல் உள்ளே நுழையலாம், அப்படியே வெளியே வரலாம். ஆகஸ்ட் மாதத்தில் பீட்டோ ஏரி நுழைவில் இடப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும் வரிசையைப் பார்த்தால் இதன் அருமை புரியும். இந்தத் திசைக்கு ஒரு விலை உண்டு: போ ஏரிக்கு மாலையில்தான் போய்ச் சேர்வீர்கள். அந்த ஏரி மலையைத் தெளிவாகப் பிரதிபலிப்பது காற்று எழுவதற்கு முந்தைய காலையில்தான்.

கிளம்பும் முன் டேங்கை நிரப்புங்கள். இதைச் சடங்காகச் சொல்லவில்லை. ஜாஸ்பருக்கும் லேக் லூயிஸுக்கும் நடுவே பெட்ரோல் கிடைப்பது ஒரே இடத்தில்: ஜாஸ்பரிலிருந்து 153 கிலோமீட்டரில் உள்ள சஸ்காச்சுவன் ரிவர் கிராசிங். அங்கே விலை கூடுதல், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். மேலே பனியாற்றுப் பகுதியில் ஹீட்டர் போட்டு, இன்ஜினை அணைக்காமல் நின்று, பக்கச் சாலைகளில் புகுந்து வந்தால் கணக்கு மாறும். கைபேசி சிக்னலும் இரண்டு முனைகளைத் தாண்டினால் அநேகமாகக் கிடையாது. வரைபடத்தை முதல்நாள் இரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், அறை உறுதிச் சீட்டு எல்லாம் திரைப்பிடிப்பாக இருக்கட்டும். சாலை நிலவரத்துக்கு 511 ஆல்பர்ட்டா சேவையைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள், நடுவழியில் திறக்காது.

தேசியப் பூங்கா அனுமதிச் சீட்டு கட்டாயம். சாலையின் இரு முனையிலும் சாவடி உண்டு. நாள் சீட்டு பெரியவர் ஒருவருக்குச் சுமார் 11 கனடிய டாலர், 17 வயது வரை இலவசம். ஒரே காரில் ஏழு பேர் வரை சேர்ந்து எடுக்கும் குழுச் சீட்டு அதைப் போல இரண்டு மடங்குதான் என்பதால், மூன்று பெரியவர் இருந்தாலே அது லாபம். நாள் சீட்டு வாங்கிய மறுநாள் மாலை 4 மணி வரை செல்லும். இதைத் தெரியாமல் இரண்டாம் நாள் காலையில் மறுபடி வாங்குபவர்கள் நிறைய. ஏழு நாளோ அதற்கு மேலோ பூங்காக்களில் இருப்பதானால் ஆண்டுச் சீட்டுக் கணக்கு சரியாக வரும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் போகும் ஆண்டின் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ்பரை விட்டுக் கிளம்பியதும் கண்ணில் படுவது கருகிய காடு. 2024 ஜூலையில் பரவிய தீ, ஜாஸ்பர் ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. தெற்கே சாலையோரக் காடும் எரிந்தது. கரிய தண்டுகள் நிற்கின்றன, அடியில் புல்லும் செடியும் வருகின்றன, மறைந்திருந்த மலைச்சரிவுகள் திறந்து கிடக்கின்றன. அறைகள் குறைந்திருப்பதால் கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் 80 கிலோமீட்டர் கிழக்கே ஹின்டனில் தங்கலாம், விலையும் குறைவு.

30 கிலோமீட்டரில் அத்தபாஸ்கா அருவி. உயரம் 23 மீட்டர்தான். நீரின் அளவும் அது நுழையும் இடுக்கின் குறுகலும்தான் இதைப் பார்க்கவைப்பவை. மேலே கடினமான குவார்ட்சைட், அடியில் மென்மையான சுண்ணாம்புப் பாறை. மேல் அடுக்கு தாங்கி நிற்க, கீழ் அடுக்கை நீர் குடைந்து குழிகளும் கால்வாயுமாக வெட்டியிருக்கிறது. தடுப்புச் சுவரைத் தாண்டிப் படம் எடுக்கப் போய் இறந்தவர்கள் உண்டு. சாரல் பட்ட அந்தப் பாறை பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருக்கும், கால் வைத்தால் நிற்காது. காலை எட்டு மணிக்குள் வந்தால் நிறுத்துமிடம் காலியாக இருக்கும். 55 கிலோமீட்டரில் சன்வாப்டா. முதல் அருவியைப் பாலத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புபவர்களே அதிகம். கீழ் அருவிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நடை, அங்கே கூட்டம் பாதிகூட இருக்காது.

103ஆவது கிலோமீட்டரில் கொலம்பியா ஐஸ்ஃபீல்ட் என்ற பெரும் பனிவயலும், சாலையோரத்தில் அதன் பார்வையாளர் மையமும். இந்தச் சாலையின் உச்சகட்டம் இதுதான், பணம் அதிகம் கரையும் இடமும் இதுதான்.

மேலே இருக்கும் ஸ்னோ டோம் சிகரம் 3,456 மீட்டர். அதன் மேல் உருகும் பனி மூன்று பக்கமாகப் பிரிகிறது: அத்தபாஸ்கா வழியாக ஆர்க்டிக் கடலுக்கும், சஸ்காச்சுவன் வழியாக ஹட்சன் விரிகுடாவுக்கும், கொலம்பியா வழியாகப் பசிபிக்குக்கும். சாலையிலிருந்து நேராகத் தெரிவது இந்தப் பனிவயலின் ஒரு கை மட்டுமே, அத்தபாஸ்கா பனியாறு. நீளம் சுமார் ஆறு கிலோமீட்டர். 1840களில் இப்போது சாலை ஓடும் இடம் வரை அது இறங்கியிருந்தது. அதன்பின் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

ராட்சதச் சக்கரங்கள் கொண்ட ஐஸ் எக்ஸ்ப்ளோரர் பேருந்தில் பனியாற்றின் மேலேயே போகலாம். கண்ணாடித் தரை நடைமேடையையும் சேர்த்த டிக்கெட், பெரியவருக்கு 100 டாலருக்கு மேல். சேவை ஒழுங்காக நடக்கிறது, பேச்சும் தகவலும் நன்று. ஆனால் மொத்தம் மூன்று மணி நேரம் செலவழித்தால் பனியின் மேல் நிற்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் வேலி கட்டிய ஒரு சதுரத்துக்குள். முழங்கால் ஒத்துழைக்காத பெரியவர்கள், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு இது நியாயமான விலை, வேறு வழியில் அவர்கள் அந்தப் பனியைத் தொட முடியாது. பக்கச்சரிவில் இறங்கும் பாதை மிகச் செங்குத்து. 2020 ஜூலையில் ஒரு பேருந்து அங்கே உருண்டு மூவர் இறந்தார்கள். சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் படமெடுக்க எழாதீர்கள்.

நன்றாக நடக்கக்கூடியவர்கள் அதே பணத்தை வழிகாட்டியுடன் போகும் பனிநடைக்குக் கொடுக்கலாம். காலணியில் இரும்பு முள் மாட்டி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ, விரிசல்களையும் உருகுநீர்க் குழிகளையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பேருந்தை விட எல்லா வகையிலும் மேல். இடம் குறைவு, முன்பதிவு தேவை.

பணம் கொடுக்க மனமில்லையா? மையத்துக்கு எதிரே, சாலையின் மறுபுறம், பனியாற்றின் அடியை நோக்கிப் போகும் இலவசப் பாதை உண்டு, போய்வர ஒரு மணி நேரம் போதும். பனி எந்த ஆண்டு எதுவரை நின்றது என்று வழியெங்கும் பலகைகள். எங்களைக் கேட்டால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதை விட அழுத்தமாகப் பதிவது இந்தப் பலகைகள்தான். கயிற்றைத் தாண்டிப் பனியில் ஏறாதீர்கள். விரிசல்களின் வாயைப் புதுப்பனி மெல்லிய பாலம் போட்டு மூடியிருக்கும், மிதித்தால் உடையும். விழுந்தவர் கீழே குறுகும் இடுக்கில் சிக்கிக்கொள்வார், மீட்புக் குழு வருவதற்குள் உடல்வெப்பம் இறங்கிவிடும். பனிப்பரப்பிலிருந்து கீழே பாயும் குளிர்காற்றும் கடுமை. ஜூலை வெயிலிலும் காற்றுத் தடுக்கும் மேற்சட்டை, தொப்பி, கையுறை வேண்டும்.

கண்ணாடி நடைமேடையான ஸ்கைவாக், 2014இல் திறந்தது. பள்ளத்தாக்கின் மேல் 280 மீட்டர் உயரத்தில், 35 மீட்டர் வெளியே நீளும் வளைவு. பொறியியல் வேலை அழகு. காட்சிக்காகத் தனியாகப் பணம் கொடுப்பது வீண். முன்பு யாரும் இலவசமாக நின்று பார்த்த இடத்தில்தான் அதைக் கட்டினார்கள், அது இன்னும் உறுத்துகிறது. அங்கே காரை நிறுத்தவும் முடியாது, மையத்திலிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். மையத்து உணவகம் விலைக்கேற்ற சாப்பாடு தருவதில்லை. ஜாஸ்பர் கடைகளில் ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். சரியான கழிப்பறை வேண்டுமானால் இங்கேயே போய்விடுவது உத்தமம். மற்ற நிறுத்தங்களில் பெரும்பாலும் தண்ணீரில்லாக் குழிக் கழிப்பறைதான், கை கழுவும் திரவம் கையில் இருக்கட்டும்.

சன்வாப்டா கணவாயைத் தாண்டியதும் பார்க்கர் ரிட்ஜ். ஒரே ஒரு நடை போகத்தான் நேரம் என்றால் இதற்குக் கொடுங்கள். ஒரு பக்கம் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர், 250 மீட்டர் ஏற்றம். வளைந்து வளைந்து ஏறி முகட்டைத் தொட்டவுடன் மறுபுறம் சஸ்காச்சுவன் பனியாறு முழு நீளத்துக்கும் கிடக்கும். வளைவுகளைக் குறுக்கே வெட்டி ஏறாதீர்கள், அந்த உயரத்தில் ஒரு செடி மீள ஆண்டுகள் பிடிக்கும். பிறகு சாலை பிக் பென்ட் வளைவில் சட்டென்று பள்ளத்துக்கு இறங்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறக்குங்கள்.

பீட்டோ ஏரிக்கு நுழைவு, போ சம்மிட் உச்சியில், 2,000 மீட்டருக்கு மேலே. நிறுத்துமிடத்திலிருந்து தார் போட்ட செங்குத்துப் பாதையில் பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். அந்த நீலப்பச்சை நிறத்துக்குக் காரணம், பனியாறு பாறையை அரைத்து ஆற்றில் அனுப்பும் மிக நுண்ணிய தூள். அது நீரில் மிதந்தபடி ஒளியைச் சிதறடிக்கிறது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மே மாதம் வந்தால் ஏரி வெள்ளைப் பனி மூடிக் கிடக்கும், ஜூன் தொடக்கத்திலும் அப்படியே. பனியாறு நன்றாக உருகித் தூள் வந்து சேர்ந்த பிறகு, ஜூலை நடுப்பகுதி முதல்தான் படங்களில் பார்க்கும் நிறம். வெயிலும் உயரே இருக்க வேண்டும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு நிறம் குறையாது, பேருந்துக் கூட்டம் குறையும்.

வழியில் எங்கேயும் கரடி தென்படலாம். விதி: கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர், மான், மலையாட்டிடமிருந்து 30 மீட்டர். காரை விட்டு இறங்காதீர்கள், சாலை நடுவே நிறுத்தாதீர்கள். மெதுவாகக் கடந்து போய்விடுவதுதான் கரடிக்கும் நல்லது. ட்ரோன் பூங்காவுக்குள் தடை.

வாடகைக் கார் எடுப்பவர்கள் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு முன்கண்ணாடிக்கும் டயருக்கும் செல்லுமா? சாலையில் தூவிய சரளைக்கல் தெறித்துக் கண்ணாடி விரிவது இங்கே சாதாரணம், வசந்த காலத்தில் இன்னும் அதிகம். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் எவ்வளவு கூடுதல்? அந்தத் தொகை சில நேரம் வாடகையையே தாண்டும். அப்போது கால்கரியிலிருந்தே போய்வந்து, சாலையை இருமுறை ஓட்டுவது மலிவு.

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் அல்லது சங்கிலி சட்டப்படி கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னமோ, எம் பிளஸ் எஸ் குறியோ இருக்கிறதா என்று காரை வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள். பனி அள்ளும் வண்டிகள் காலை 7 முதல் பிற்பகல் 3.30 வரைதான் ஓடும். பனிச்சரிவு அபாயம் வந்தால் சாலையையே மூடுவார்கள், மறுநாளும் திறக்காமல் போகலாம். அந்தக் காலத்தில் பெட்ரோல் இல்லை, உணவு இல்லை, சிக்னல் இல்லை. கம்பளி, மண்வாரி, டார்ச், ஒரு நாள் சாப்பாடு இவை பின்பெட்டியில் இல்லாத காரில் ஏற வேண்டாம்.