நட்சத்திரமா, சுமையா? புரூக்ளின் நெட்ஸ் போன இரண்டு வழிகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஒரு அணி தன்னைக் கட்டியெழுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, வருங்காலத் தேர்வுகளை (புது இளம் வீரர்களை அணிகள் வரிசைமுறையில் எடுக்கும் உரிமை) கொடுத்துப் பெயர் பெற்ற நட்சத்திரங்களை வாங்குவது. இன்னொன்று, வேறொரு அணிக்குச் சுமையாகிவிட்ட பெரிய சம்பள ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு, அதற்குக் கூலியாக இளம் வீரரையோ தேர்வுகளையோ பெறுவது. இந்த இரண்டு வழியையும் நான்கே வருட இடைவெளியில் போய்ப் பார்த்த அணி புரூக்ளின் நெட்ஸ்.

2013-ல் பாஸ்டன் அணியிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்ற இரு நட்சத்திரங்களை வாங்கினார்கள். ஒருவருக்கு வயது 37, இன்னொருவருக்கு 35. விலை? 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகள், போதாக்குறைக்கு 2017-ல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமையும். பலன் இல்லாமல் இல்லை. 2014 பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) டொராண்டோவுடன் தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம், நெட்ஸுக்கு ஒரு புள்ளி முன்னிலை. கடைசி நொடியில் டொராண்டோவின் கைல் லவ்ரி எறிந்த பந்தைப் பியர்ஸ் தட்டிவிட்டார். அதை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அடுத்த சுற்றிலேயே மயாமியிடம் தோற்றார்கள். கொடுத்த தேர்வுகளின் வழியாக, பின்னாளில் நட்சத்திரங்களான ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2016-17-ல் நெட்ஸ் ஜெயித்தது வெறும் 20 ஆட்டம்.

சரி, அடுத்த வழி. 2017-ல் லேக்கர்ஸ் அணியின் தலையில் ஒரு பாரம் இருந்தது: டிமோஃபி மோஸ்கோவின் 4 வருட, 64 மில்லியன் டாலர் ஒப்பந்தம். நெட்ஸ் அதை ஏற்றுக்கொண்டு, கூடவே 21 வயது டி'ஆஞ்சலோ ரசலை வாங்கியது. பதிலுக்குத் தன் வீரர் புரூக் லோப்பஸையும் 27-வது தேர்வையும் கொடுக்க வேண்டியிருந்தது. லோப்பஸ் போனது எனக்கு வருத்தம்தான். அப்புறம் டிமார் கரோல் என்ற வீரரின் சம்பளத்தைச் சுமக்க டொராண்டோவே தேர்வுகளைக் கொடுத்தது.

2019-ல் ரசல் ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்தில் இடம்பெற்றவர்), அணி பிளேஆஃபில். கெட்ட ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. கைவிட்டுப்போன தேர்வு திரும்பாது. இளம் அணிக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.