ஓசூர் ஷிஃப்டா, எலக்ட்ரானிக் சிட்டி நாற்காலியா?

கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் ஏறினால் ஓசூர் ஆலை வேலை, எலக்ட்ரானிக் சிட்டி ஐடி வேலை இரண்டும் ஒரே ரோட்டில்தான். சுமார் 50 கிலோமீட்டரில் ஓசூர். அத்திப்பள்ளி தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எலக்ட்ரானிக் சிட்டி. மெக்கானிக்கல் படித்த நான் முதலில் இறங்கியது எலக்ட்ரானிக் சிட்டியில். சாஃப்ட்வேர் டெஸ்டிங், 14 மாதம். அப்புறம் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் குவாலிட்டி பிரிவு. இப்போது நாலு வருஷம். ஆகவே நான் ஓசூர் கட்சி.

சம்பளம், ஏசி, சனி ஞாயிறு லீவு மூன்றிலும் பெங்களூருக்குத்தான் மார்க். அங்கே வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு தின்னும், இங்கே நைட் ஷிஃப்ட் வாரத்தில் தூக்கம் என்ன ஆகும் என்பதெல்லாம் ஊரறிந்த கதை.

நான் பார்க்கச் சொல்வது வேறு. மூன்று வருஷம் கழித்துக் கம்பெனி மாறும்போது கையில் என்ன இருக்கும்? டெஸ்டிங்கில் ஒரே கிளையண்டின் மென்பொருளில் எந்தப் பட்டனுக்கு எந்தத் திரை வரும் என்பது எனக்கு அத்துப்படி. அந்த ப்ராஜெக்டுக்கு வெளியே அதைக் கேட்பாரில்லை. இன்டர்வியூவில் ‘ஆட்டோமேஷன் (டெஸ்டிங்கை ப்ரோகிராம் எழுதிச் செய்வது) தெரியுமா?’ என்றதுமே வாயடைத்துப் போனேன்.

ஓசூரில் ஒரு நாள், மெஷின் குடையும் துளையின் அளவு பீஸுக்குப் பீஸ் துளித்துளியாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. எல்லாம் லிமிட்டுக்குள்தான், அளவு பார்க்கும் கேஜும் ஓகே என்றது. அளவுகளைக் குறித்துவைக்கும் சார்ட்டில் 7 புள்ளி வரிசையாகக் கீழே இறங்கியதைப் பார்த்து மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஆபரேட்டர் அண்ணன் முறைத்தபடியே டூலைக் கழற்றினார். அதன் வெட்டும் முனை (இன்செர்ட்) தேய்ந்திருந்தது. இப்படிச் சார்ட் வைத்து உற்பத்தியைக் கண்காணிக்கும் எஸ்பிசி, எங்கே பழுது வரலாம் என்று முன்கூட்டியே அலசும் எஃப்எம்இஏ, பாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் பிபிஏபி எல்லாம், ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்று வாங்கிய எந்த ஆலைக்கும் பொதுப் பாஷை. ஓரகடம் போனாலும் புனே போனாலும் செல்லும். டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று பெரிய ஆலைகள் இருக்கும் ஊர் என்பதால், ஓசூரைச் சுற்றியே சப்ளையர் கம்பெனிகள் ஏராளம். வீடு மாறாமலே வேலை மாறலாம்.

ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் என்ன போட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் பிஎஃப் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. கான்ட்ராக்ட் என்றால் அனுபவச் சான்றில் பொதுவாகக் கான்ட்ராக்டர் பெயர்தான் வரும்.

கோடிங் நன்றாக வருகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். டெவலப்பர் நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை.

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஓசூர் ஆர்டர் ஒன்றை அனுப்பினான். முதல் வரியிலேயே ‘அப்ரண்டிஸ்’. “சேரட்டுமா மாமா?” என்றான். “சேருடா, ஆனா பயிற்சி முடியற வரைக்கும் காத்திருக்காம பத்தாவது மாசமே அடுத்த இன்டர்வியூவுக்குக் கிளம்பிடு” என்றேன்.