பழைய மாருதி 800: பானட்டைத் திறக்கும் முன் காலடி மேட்டைத் தூக்குங்கள்

அப்பா ஓட்டிய மாருதி 800 மாதிரியே ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்கள் வண்டியைப் பார்த்ததும் பானட்டைத்தான் திறக்கிறார்கள். அது இரண்டாவது வேலை. உள்ளே இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார், பார்ட்ஸும் கிடைக்கும். துருப்பிடித்த தரைதான் பணத்தைத் தின்னும்.

டிரைவர் காலடி மேட்டையும் அதற்கடியில் இருக்கும் ஷீட்டையும் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடி பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து அங்கேதான் தேங்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது சொத்தென்று கேட்கும். அடுத்து பேட்டரியைத் தூக்கி அதன் தட்டைப் பாருங்கள். ஆசிட் அரித்திருந்தால் துரு அதோடு நின்றிருக்காது. டோரின் அடி விளிம்பு, பின்சக்கர வளைவு, டிக்கித் தரை மூன்றிலும் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டிதான் இருக்கிறது. பின் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடத்தில் துரு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இன்ஜினில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: சூடு. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம். கூலன்ட் ஊற்றாமல் போர்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் உள்ளே அரித்து, ரேடியேட்டர் உப்பு கட்டி அடைக்கும். ஒரு நாள் டிராஃபிக்கில் ஃபேன் ஓடாமல் போனால் ஹெட் வளைந்து, அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போய்விடும். ஆயில் மூடியின் அடியில் பால் காப்பி நிறத்தில் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, குமிழி விடாமல் வருகிறதா பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் ஹெட் வேலை இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பவரை நம்ப வேண்டாம். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர்ப்பட்டையை வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடால் அளக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் ஃபேஸ் அடிக்காமல், அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்காமல் பூட்டக்கூடாது.

சூடேறுகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. அப்புறம் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, மைலேஜும் இறங்கும். இல்லாவிட்டால் புதிதாகப் போடுங்கள், பெரிய செலவில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியாவிட்டால், வாங்கிய வாரமே டென்ஷனரோடு மாற்றிவிடுங்கள்.

எந்த வருட மாடல்? 1983 டிசம்பரில் வந்த முதல் உருவம் சேகரிப்பவர்களுக்கானது, அதற்கு பாடி பார்ட்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெரும்பாலோர் மனதில் இருப்பது 1986-இல் வந்த உருவம். அதில் கார்புரேட்டர் வண்டிக்குத்தான் பழைய மணம்: சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) முழுக்க இழு, ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, சாவியைத் திருப்பு, பிடித்ததும் பாதி உள்ளே தள்ளு, சூடானதும் மீதியைத் தள்ளு. மறந்துபோய் சோக்கோடு ஓட்டினால் கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் கேஸ்கட்டையும் அது இளக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட்டு, வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதைத் தவிருங்கள்.

தினமும் ஆபீஸுக்கு ஓட்டவா? அப்படியானால் ஆசையை அடக்கிக்கொண்டு எம்.பி.எஃப்.ஐ. வண்டி, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி எடுங்கள். 5 கியர் மாடல் கிடைத்தால் விடாதீர்கள். இவற்றில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருப்பதால் எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் சீக்கிரம் கருகும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து முதல் கியரில் மெல்ல நகர்த்துங்கள். முன்சக்கரத்தில் டக் டக் என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. ஐடிலில் கியர் லீவர் ஆடினால் பிளக்கைக் குறை சொல்லும் முன் இன்ஜின் மவுன்டிங்கைப் பாருங்கள், மூன்று சிலிண்டருக்குக் கொஞ்சம் நடுக்கம் இயல்புதான். 12 இஞ்ச் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1218 என்றால் 2018-இன் 12-ஆவது வாரம். பட்டன் (டயரின் மேல் வரிக்கட்டை) தேயாமல் இருந்தாலும் அது கல்லாகிப்போன டயர்தான். ஏ.சி. வண்டி என்றால் ஏற்காடு மாதிரி மலை ஏறும்போது ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். கார்புரேட்டர் இன்ஜினின் சக்தியே 40 குதிரைக்குள்தான்.

பேரம் பேசும் முன் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, 2025-இல் 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 10,000 ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. புதுப்பிக்காத வண்டி மலிவாக வந்தால் இதையெல்லாம் கழித்தே விலை சொல்லுங்கள். சேஸிஸ் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். துருவில் ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சோதனை) நிற்கும்போது இழுத்தடிப்பார்கள்.