லப்டொப் திருத்தக் குடுக்கிற யாழ்ப்பாண ஆக்கள் ஒருக்கா இதை வாசியுங்கோ

என்ர தங்கச்சி கம்பஸ் கடைசி வருசம், ரிசேர்ச் எழுதிக்கொண்டிருக்கிறாள், லப்டொப்பில இடம் நிரம்பிப்போச்சுதெண்டு போன மாசம் டவுனுக்குள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனவள், நான் அந்த நேரம் கொழும்பில நிண்டனான். "தங்கச்சி, உங்கட 256 ஜிபிதானே, 1 டிபி போட்டுத் தாறம், நாலு மடங்கு இடம்" எண்டு சொல்லி 16,500 ரூபா வாங்கியிருக்கினம். பில்லில "ஹாட் 1 டிபி" (ஹாட் டிஸ்க்) எண்டு மட்டும்தான் கிடக்கு. என்ன வகை, வாரண்டி எவ்வளவு, ஒண்டுமில்லை.

நான் வீட்ட வந்து பாத்தால், பவர் பட்டனை அமத்திப்போட்டுப் போய் முகம் கழுவி பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வாறாள், அப்பவும் விண்டோஸ் சுத்திக்கொண்டு நிக்குது. முந்தி 20 செக்கனுக்குள்ள வாற சாமான். டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100%. இடது கை வைக்கிற இடத்தில ஒரு மெல்லிய அதிர்வு, காதை வைச்சால் டிக் டிக்கெண்டு கேக்குது. முந்தி இருந்த எஸ்எஸ்டியை, அதான் சிப்பில சேமிக்கிற வேகமான டிஸ்க்கை, கழட்டிப்போட்டு சுத்துற ஹாட்டைப் போட்டிருக்கிறாங்கள்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், இந்த ஹாட்டுக்குள்ள தட்டு சுத்தும், லப்டொப் ஹாட் எண்டால் கூடுதலா நிமிசத்துக்கு 5400 தரம், அதுக்கு மேல ஊசி மாதிரி ஒண்டு ஓடி ஓடித்தான் ஒவ்வொரு ஃபைலையும் தேடி எடுக்கும், விண்டோஸ் திறக்கேக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் அங்கொண்டு இஞ்சொண்டா கேக்கிறதால அது திணறிப்போகும். எஸ்எஸ்டியில சுத்திறதுக்கே ஒண்டுமில்லை. படம், வீடியோ சேத்து வைக்க ஹாட் நல்லதுதான், விண்டோஸை அதில ஏத்தினதுதான் பிழை.

பின் மூடியைக் கழட்டினாப் பிறகுதான் எனக்குச் சரியான கோவம் வந்தது. எஸ்எஸ்டி இருந்தது எம்.2 எண்ட சின்னச் சிலொட்டில, ஹாட் போடுற இடம் வேற. ரெண்டையும் ஒண்டாவே விட்டிருக்கலாம்! வேணுமெண்டுதான் கழட்டியிருக்கிறாங்கள், அந்தச் சின்ன ஸ்குரூவைக்கூட விட்டுவைக்கேல்ல. டிஸ்க் எவ்வளவு ஓடினதெண்டு காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட சொஃப்ட்வெயர் போட்டுப் பாத்தால் "புதுசு" எண்டு வித்த ஹாட் 17,800 மணித்தியாலம் ஓடியிருக்கு, ராப்பகலா 2 வருசம் ஓடினதுக்குச் சமன்.

கடைக்குப் போய் "அண்ணை, எங்கட எஸ்எஸ்டியைத் தாங்கோ" எண்டு கேட்டன். முதல்ல எறிஞ்சாச்சு எண்டவை, நான் விடாமல் நிக்க லாச்சியைத் திறந்து ஒண்டைத் தந்தினம். வீட்ட கொண்டந்து செருகினால் ஆற்றயோ கலியாணவீட்டுப் படங்கள், ஐடென்டிக்காட் ஸ்கான். உடனே கழட்டிப்போட்டன், எனக்குக் கை நடுங்கிச்சுது. அப்ப எங்கட வீட்டுப் படங்கள் இப்ப ஆற்ற கையில கிடக்கு?

தயவுசெய்து பிள்ளையளைத் தனிய அனுப்பாதேங்கோ. போடப்போறது எஸ்எஸ்டியோ ஹாட்டோ எண்டு கேட்டு பில்லில எழுதுவியுங்கோ, கழட்டினதைக் கையில வாங்குங்கோ, டாஸ்க் மனேஜரில பெர்ஃபோமன்ஸுக்குப் போனால் டிஸ்க்குக்குக் கீழ எஸ்எஸ்டியா எச்டிடியா (ஹாட்) எண்டு காட்டும், கடையிலயே பாத்துப்போட்டு வாங்கோ. இப்பிடி ஏமாந்த ஆக்கள் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 அடிக்கலாம், சாமான் வாங்கி 3 மாசத்துக்குள்ள முறைப்பாட்டை எழுத்தில குடுக்கோணும். நாங்கள் திங்கக்கிழமை குடுத்தனாங்கள். எங்கட எஸ்எஸ்டி இன்னும் வரேல்ல.