ஒரு நாள் விட்டு ஒரு நாளா, தினமும் அரை நாளா?

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகளுக்கு, தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 19 மாதங்களுக்கு மேல் கழித்துத் திரும்பிய நாள். எங்கள் தொடக்கப் பள்ளியில் அன்று மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்கள், கடைசியாகப் பள்ளிக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வகுப்பறையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. புத்தகப்பையை எங்கே வைப்பது என்பதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

சுழற்சி முறையில்தான் வகுப்புகள் நடக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எப்படிச் சுழற்றுவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லலாம். அல்லது எல்லாரையும் தினமும் வரச் சொல்லி, பாதிப் பேருக்குக் காலையிலும் மீதிப் பேருக்குப் பிற்பகலிலும் வகுப்பு நடத்தலாம். 2020 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறையிலேயே இந்த இரண்டு யோசனைகளும் இருந்தன. நாங்கள் முதல் முறையில் தொடங்கி, மூன்று வாரத்தில் இரண்டாவதற்கு மாறினோம். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு அரை நாள் முறையின் பக்கம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

முகக்கவசம், சோப்பு, உடல் வெப்பம் பார்க்கும் கருவி ஆகியவை இரண்டு முறைக்கும் பொது. எல்லாரையும் ஒரே நேரத்தில் முழு நாள் வரவழைக்க இடமில்லை. 108 பிள்ளைகளுக்கு நான்கு அறைகள். அவற்றில் ஒன்று சுவர் வெடித்துப் பூட்டிக் கிடந்தது. மூன்று அறையில் 36 பேர் வீதம் அடைத்தால் இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதியாகப் பிரித்தால் அறைக்கு 18 பேர். திறக்காமலே கல்வித் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நம்பியிருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைபேசி. அதுவும் அப்பாவுடன் வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைக்கு ஒரு முழுப் பள்ளி நாள் கிடைக்கிறது. காலை வணக்கம், கணக்கு, மதிய உணவு, கதை, விளையாட்டு என்று நாள் ஒழுங்காக நகரும். ஆசிரியருக்கு அவசரம் இல்லை. ஒரு குழு போனதும் அறையைக் கூட்டித் துடைக்க இரவு முழுக்க நேரம் உண்டு. தொலைவிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள் பயணம் மிச்சம். தலைமையாசிரியை இந்த முறையைத்தான் விரும்பினார். முதல் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.

எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் பிள்ளை வராத நாளை யோசிக்கவில்லை. மற்ற எல்லா வசதிகளையும் வசதிக்குறைவுகளையும் கூட்டிக் கழித்தாலும், இந்த ஒரு விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை தீர்ப்பைச் சொல்கிறது.

முதலில் மழை. நாங்கள் டெல்டாவில் இருக்கிறோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டியது என்பது பலருக்கும் நினைவிருக்கும். முதல் குழுவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. இரண்டாம் குழுவுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று பிரித்திருந்தோம். நவம்பர் 4, வியாழன் தீபாவளி. அதையொட்டி அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரம் மழை விடுமுறை. ஆக, நவம்பர் 2 செவ்வாய்க்கிழமை முதன்முதலாக வந்த இரண்டாம் குழுப் பிள்ளை, மறுபடி பள்ளிக்குள் கால் வைத்தது 16ஆம் தேதி. இடையில் இரண்டு வாரம். 19 மாதம் கழித்து வந்து, ஒரு நாள் இருந்துவிட்டு, மீண்டும் இரண்டு வாரம் வீட்டில். தினமும் வரும் பிள்ளைக்கு ஒரு மழை நாள் என்றால் இழப்பு ஒரு நாள். ஒன்றுவிட்டு வரும் பிள்ளைக்கு அவள் முறை நாளில் மழை விடுமுறை வந்தால், இரண்டு வருகைக்கு நடுவே மூன்று நாள் பள்ளம் விழுகிறது. அடுத்த முறையிலும் மழை என்றால் ஐந்து நாள். பள்ளியின் நாட்காட்டியில் ஒன்றிரண்டு விடுமுறையாகத் தெரிவது பிள்ளையின் கணக்கில் ஒரு வாரமாகிவிடுகிறது. இந்தக் கணக்கை நவம்பர் 1க்கு முன்பு எங்களில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்தது எழுத்து. 16ஆம் தேதி இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி சிலேட்டில் 'அம்மா' எழுதினாள். முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுதிய அதே சொல். இம்முறை 'அ'வின் சுழி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது விரலுக்கு மறந்திருந்தது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் எச்சில் தொட்டு அழித்தாள். அப்புறம் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுத்துக் கற்கும் வயதில் தொடர்ச்சிதான் பாதிப் பாடம். நேற்று எழுதியதை இன்று எழுத வேண்டும். இன்று எழுதியதை நாளை படிக்க வேண்டும். ஐந்து மணி நேரத்தை ஒரே நாளில் கொட்டிவிட்டு மறுநாள் விட்டுவிட்டால் அது தங்குவதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அந்த இடைவெளியை நிரப்பலாம். 'அ' தெரியாத பிள்ளைக்கு என்ன வீட்டுப்பாடம் கொடுப்பது?

மூன்றாவது, பிள்ளை அந்த நாளில் எங்கே இருக்கிறது என்பது. மூன்றாம் வாரம் ஒரு காலை, ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நின்றார். அக்காள் அன்றைய குழு, தம்பி மறுநாள் குழு. வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணை வைத்துப் பிரித்ததில் நாங்கள் செய்த தவறு அது. "டீச்சர், இவனுக்கு இன்று இல்லை என்றால் நான் யாரிடம் விட்டுவிட்டுப் போவது?" என்று கேட்டார். அன்று அவருக்கு நூறு நாள் வேலை. பையன் வாய்க்கால் கரையில் வெயிலில் உட்கார்ந்திருப்பான். இல்லையென்றால் தெருவில் பத்துப் பேரோடு அலைவான். தொற்றுக்குப் பயந்து பள்ளியில் பாதிப் பேரைக் குறைத்தோம். அந்தப் பாதிப் பேர் முகக்கவசம் இல்லாமல் ஊர் முழுக்கக் கலந்து திரிந்துவிட்டு மறுநாள் எங்களிடம் வந்தார்கள். அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பையனை உள்ளே அழைத்துக்கொண்டேன்.

கடைசியாகச் சோறு. பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வீட்டுக்குப் போயின. பள்ளி திறந்த பிறகு பிள்ளைக்குச் சூடான சோறும் முட்டையும் கிடைப்பது பள்ளிக்கு வரும் நாளில்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள் பள்ளி என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள் மதிய உணவு. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய ஒரு திட்டம், பசித்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்க்கவே வந்தது. அதை வாரத்தில் பாதி நாளாகச் சுருக்கிவிட்டு, பிள்ளைகள் ஏன் ஒழுங்காக வருவதில்லை என்று பதிவேட்டைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 22 முதல் மாறினோம். காலைக் குழுவுக்கு 9 மணி முதல் 12.15 வரை. முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிற்பகல் குழு 12.45க்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, 1.15 முதல் 4.15 வரை படிக்கும். மதிய உணவு நடுவில் நிற்பதால் இரண்டு குழுவுக்கும் தினமும் சோறு உண்டு. இதை எங்களுக்குச் சொன்னவர் சத்துணவு அமைப்பாளர். ஒன்றுவிட்டு வந்தபோது பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாளும் நாளுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பாடமும் என்று பார்த்தால் 15 மணி. அரை நாள் முறையில் ஆறு நாளும் மூன்று மணி நேரம் என்றால் 18 மணி. நேரம் குறையும் என்றுதான் எல்லாரும் பயந்தோம். தாளில் போட்டுப் பார்த்தபோது கூடியிருந்தது.

குழுப் பிரிப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காள் தம்பியைப் பிரித்த தவறு மறுபடி நடக்கக் கூடாது என்பதால், தெருவாரியாகப் பிரித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பட்டியல் போடச் சுலபம், பிள்ளைகள் கூட்டமாக நடந்து வரவும் வசதி. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தாய் எழுந்து, "அப்படியென்றால் காலையில் ஊர்ப் பிள்ளைகள் படிப்பார்கள், பிற்பகலில் காலனிப் பிள்ளைகள் படிப்பார்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. நம் ஊர்களில் தெரு என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் பட்டியல் ஒரே பள்ளியை இரண்டு பள்ளியாக்கியிருக்கும். கடைசியில் குடும்பம் குடும்பமாக எடுத்து, எல்லாத் தெருவும் இரண்டு குழுவிலும் கலந்திருக்குமாறு பிரித்தோம். அதற்கு இரண்டு மாலைகள் ஆயின. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது.

அரை நாள் முறையின் குறைகளையும் சொல்கிறேன். ஆசிரியருக்கு அது கடினம். ஒரே பாடத்தை முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரே நாளில் இரண்டு முறை சொல்லும்போது, இரண்டாம் முறை குரலில் உயிர் இருக்காது. பிற்பகல் குழுவுக்குக் கிடைத்தது களைத்த ஆசிரியரும், சாப்பிட்டு வந்த தூக்கமும்தான். அவர்களுக்குப் பாடத்தைக் கதையில் தொடங்கி ஓரளவு சமாளித்தேன். முழுமையாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். குழுக்களை மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்று யோசித்தோம். ஆனால் நேரம் மாறினால் தாய்மாருக்கு வேலைக்குப் போவது சிக்கலாகும் என்பதால் விட்டுவிட்டோம். இரண்டு குழுவுக்கும் நடுவில் அறையைத் தயார்செய்யக் கிடைத்தது ஒரு மணி நேரம். முதல் சில நாள் மேசையைத் துடைப்பதிலேயே அது போயிற்று. நோய் காற்றில்தான் அதிகம் பரவுகிறது என்பது தெரிந்த பிறகு, சன்னல்களையும் கதவையும் அகலத் திறந்துவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவதே சரி என்று பட்டது.

எங்கள் அனுபவத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். அரை நாள் முறை எங்களிடம் ஓடியது டிசம்பர் இறுதி வரை, ஆறு வாரத்துக்கும் குறைவு. ஜனவரியில் ஒமைக்ரான் அலை வந்து சிறு வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன. 2022 பிப்ரவரி 1 அன்று சுழற்சி இல்லாமலே எல்லாரும் திரும்பினார்கள். எந்த முறையில் தொற்று குறைந்தது என்று எங்கள் பள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டிலும் எங்களில் யாருக்கும் தெரிந்து தொற்று வரவில்லை. 108 பிள்ளைகளை வைத்து அதற்கு மேல் எதையும் நிறுவ முடியாது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் பாடம் எடுத்ததில்லை. செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு என்று ஓடும் வகுப்புகளுக்கு முழு நாள் தொடர்ச்சி தேவைப்படலாம். அவர்களால் வீட்டில் தாமாகப் படிக்கவும் முடியும். அங்கே ஒன்றுவிட்டு ஒரு நாள் முறையே பொருந்தலாம். பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி வாகனத்தில் வரும் நகரப் பள்ளிகளில் வண்டியை நாளுக்கு நான்கு நடை ஓட்ட முடியுமா என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே. நடந்து வரும் தூரத்தில் பிள்ளைகள் இருந்ததால்தான் எங்களால் முடிந்தது. பஸ்ஸில் வந்த ஏழு பிள்ளைகளை அந்தப் பஸ் நேரத்துக்காகவே காலைக் குழுவில் சேர்த்தோம்.

இல்லம் தேடிக் கல்வி இருக்கும்போது வராத நாள் பெரிய குறையா என்று ஒரு தோழி கேட்டார். மாலையில் தன்னார்வலர் நடத்திய அந்த ஒன்றரை மணி நேரம் உண்மையிலேயே உதவியது. ஆனால் 2021 அக்டோபர் இறுதியில் தொடங்கிய திட்டம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எங்கள் தெருக்களுக்குத் தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தது புத்தாண்டுக்குப் பிறகுதான். அந்த நவம்பரில், பள்ளிக்கு வராத நாளில் பிள்ளைக்குப் பள்ளி என்று எதுவும் இல்லை.

சிலேட்டைக் கவிழ்த்து வைத்த அந்தச் சிறுமி பிற்பகல் குழுவில் இருந்தாள். டிசம்பர் நடுவில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்தவள், கை கழுவிய ஈரத்தோடு நேராக என்னிடம் வந்து, மேசை மேல் தண்ணீரால் 'அம்மா' என்று எழுதிக் காட்டினாள். காய்வதற்குள் பார்க்க வேண்டும் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். சுழி சரியான பக்கம் திரும்பியிருந்தது.

மறுபடி இப்படி ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தால் முதல் நாளிலிருந்தே அரை நாள் முறைக்குத்தான் கை தூக்குவேன். ஒன்றை மட்டும் மாற்றிச் செய்வேன். இரண்டு பந்தி பரிமாறி, இரண்டு முறை தட்டுக் கழுவி, தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றவர்கள் சமையலரும் உதவியாளரும். அதற்கான ஊதியத்தை நாங்கள் யாரும் கேட்டு எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அந்தக் கடிதம் முதல் நாளே போயிருக்க வேண்டும்.