அலமாரிக்கு ஸ்கெட்ச்அப், கட்டிலுக்கு ஃப்ரீகேட்: பட்டறையில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

வாடிக்கையாளர் கேட்பது படம். பட்டறை கேட்பது வெட்டுப் பட்டியல், அதாவது எந்தப் பலகை எந்த அளவில் எத்தனை என்ற கணக்கு. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் படம் போட ஒரு வாரம் போதும். பட்டியலை நம்பி ஷீட்டில் ரம்பத்தை வைக்கிற அளவுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். பட்டியல் பிழைக்கிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், பலகையின் கனம்.

18 எம்எம் பிளைவுட் என்று வாங்கியதை வெர்னியரில் பிடித்தால் 17.6 காட்டும். அடுத்த லோடில் 17.3 வரலாம். வெளிப்பக்கம் 1 எம்எம் மைக்காவும் உள்பக்கம் 0.8 லைனரும் (உள்பக்கத்துக்கான மெல்லிய மைக்கா) ஒட்டி பிரஸ்ஸில் எடுத்தால், பசையைச் சேர்க்காமலே 19.4. இப்போது 1200 எம்எம் அகலத்தில், நடுவில் ஒரு தடுப்பு வைத்த அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கனம் 18 என்று வரைந்தால் ஒவ்வொரு அறையும் 573. உண்மையில் கிடைப்பது 570.9. டிராயர் ஓடும் தண்டவாளமான டெலஸ்கோப்பிக் சேனல் பக்கத்துக்கு 12.7 எம்எம் கேட்கும். இரு பக்கத்துக்கும் சேர்த்து 26 கழித்தால் டிராயரின் வெளி அகலம் 544.9 இருக்க வேண்டும். படத்தை நம்பி வெட்டியவர் கையில் 547 இருக்கும். அந்த 2 எம்எம்முக்கு டிராயர் இறுகி, சேனலுக்குள் உருளும் குண்டுகள் உரசி, பழி சேனல் கம்பெனி மேல் விழும்.

ஆகவே லோடு இறங்கியதும் நாலைந்து ஷீட்டை அளந்து, அந்தக் கனத்தில் டெம்ப்ளேட் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய பிறகு கையால் மைக்கா ஒட்டி டிரிம்மர் ஓட்டும் பட்டறையானால் கணக்கு வேறு: வெட்டுவது 17.6 பலகையை, ஆனால் பூட்டுவது 19.4ஐ. இரண்டில் எந்த முறை என்பதை வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எல்லாப் பலகையும் வைத்த பிறகு கனத்தை மாற்றுவது ஸ்கெட்ச்அப்பில் தலைவலி. ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்த வேண்டும். இந்த மென்பொருள்மேல் இருக்கிற பெரிய குறை இதுதான்.

வெட்டுப் பட்டியலுக்கு ஓப்பன்கட்லிஸ்ட் என்ற இலவச நீட்சி உண்டு. ஸ்கெட்ச்அப்பில் வரைந்த பலகையைக் காம்பொனென்ட், குரூப் என்று இரு விதமாகக் கட்டி வைக்கலாம். நீட்சி காம்பொனென்ட்டை மட்டும்தான் உறுப்பாக எண்ணும். குரூப்பாக விட்ட பலகை பட்டியலில் வரவே வராது. “ஷெல்ஃப் ரெண்டு குறையுதே” என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. காம்பொனென்ட்டின் சிவப்பு அச்சு நீளத்துக்கு, அதாவது ரேகை ஓடும் திசைக்கு இருக்க வேண்டும். மர ரேகை மைக்காவில் இதைக் கவனிக்காவிட்டால் ஒரு கதவில் ரேகை நிற்கும், பக்கத்துக் கதவில் படுத்துவிடும். வெள்ளை மைக்காவுக்கு ரேகைக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். உறுப்புகளைத் திருப்பி அடுக்க இடம் கிடைத்து ஷீட் மிச்சமாகும்.

விளிம்பில் ஒட்டும் பட்டையான எட்ஜ் பேண்டுக்குத் தனி மெட்டீரியல் உருவாக்கி, பலகையின் விளிம்பு முகத்தில் அதைப் பூச வேண்டும். அப்போது வெட்டு அளவில் அதன் கனத்தை மென்பொருளே கழித்துக்கொள்ளும். 596-க்கு 716 கதவுக்கு நாலு பக்கமும் 2 எம்எம் பேண்ட் என்றால் வெட்டு அளவு 592-க்கு 712. பேண்டிங் இயந்திரம் விளிம்பைச் சீவிவிட்டு ஒட்டுமானால் அந்தச் சீவலைக் கூட்ட வேண்டும். எவ்வளவு சீவும் என்று இயந்திரம் வைத்திருப்பவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது நம்மூர்ச் சிக்கல். “அண்ணாச்சி, ஆழம் ரெண்டடி வச்சிருங்க” என்று எல்லாரும் சொல்வார்கள். இரண்டடி 609.6 எம்எம். எட்டுக்கு நாலு ஷீட் 2440-க்கு 1220. இரண்டு பலகையும் ஒரு ரம்பவாயும் (ரம்பம் தின்னும் 3.2 எம்எம்) சேர்ந்தால் 1222.4, ஷீட்டில் ஏறாது. அகலவாட்டில் ஒரு பலகைதான் வரும், மீதி துண்டு. 600 என்று வைத்தால், விளிம்பு சீவ இரு பக்கமும் 5 எம்எம் விட்ட பிறகும் 1210-க்குள் 1203.2 அடங்கிவிடும். 9.6 எம்எம்மை எந்த வீட்டிலும் யாரும் தேடப்போவதில்லை. வெட்டு வரைபடத்தில் ரம்பவாய் 3.2, விளிம்புச் சீவல் 5 என்று கொடுத்துப் பழகுங்கள். ரம்பவாயைச் சுழியமாக விட்டால் திரையில் அழகாக அடுக்கிக் காட்டும், மேசையில் கடைசிப் பலகை குட்டையாக நிற்கும்.

அந்த 3.2 நம் ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல். அங்குலத்துக்கு எட்டு நூல். அனுபவமுள்ள கைக்கு நூல் கணக்கு போதும், ஏனென்றால் அடுத்த பலகையை முந்தையதன்மேல் வைத்துக் குறித்துவிடுவார். பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டும்போது அந்த வசதி கிடையாது. நூலுக்கு முழுமையாக்கினால் உறுப்புக்கு 1.6 எம்எம் வரை பிசகும். பட்டியலை எம்எம்மில் மட்டும் அச்சிடுங்கள். இரண்டு அளவும் இருக்கிற தாளில் கண் பழைய அளவுக்குத்தான் போகும்.

கணினிக் கோப்பைப் பார்த்து வெட்டும் சிஎன்சி ரௌட்டருக்கு அனுப்பும்போது வட்டம் காலை வாரும். ஸ்கெட்ச்அப்பில் வட்டம் என்பது 24 பக்கப் பலகோணம். 35 எம்எம் கீல் குழியில் பிசகு 0.15 எம்எம், பரவாயில்லை. 1200 எம்எம் விட்டமுள்ள சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் 5 எம்எம்முக்கு மேல் உள்வாங்கும், கண்ணுக்கே தெரியும். வரையும்போதே 96 பக்கம் கொடுத்தால் 0.3 எம்எம்முக்கு இறங்கும். ரௌட்டருக்குப் போகும் டிஎக்ஸ்எஃப் கோப்பைத் திறந்ததும் தெரிந்த ஓர் அளவைச் சரிபாருங்கள். 600 இருக்க வேண்டிய இடத்தில் 23.6 வந்தால் அலகு அங்குலத்தில் போயிருக்கிறது. சுழன்று வெட்டும் 6 எம்எம் பிட் உள்மூலையில் 3 எம்எம் வளைவை விட்டுவிடும் என்பதால், பலகை செருகும் காடிகளின் மூலையில் சிறு குழி சேர்க்காவிட்டால் உளியைத் தேட வேண்டியதுதான்.

தேக்குக் கட்டில், பெஞ்சு, கதவு போன்றவற்றுக்கு ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள் வசதி. முழுக்க இலவசம், வளைவு வளைவாகவே ஏற்றுமதியாகும். அதன் ஸ்ப்ரெட்ஷீட்டில் அகலம், உயரம், சட்டக்கனம் என்று பெயரிட்டு வைத்தால், ஒரே பெஞ்சு மூன்று உயரத்தில் வேண்டும்போது ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். கழுந்தும் அது செருகும் துளையும் கூடவே மாறும். கற்பது கடினம். பொருளின் ஒரு முகத்தின்மேல் ஸ்கெட்ச் (தட்டை வரைபடம்) வைத்து வரைந்தால், பின்னால் திருத்தும்போது அது வேறு முகத்துக்குத் தாவி மொத்தமும் குலையும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அடிப்படைத் தளங்களோடு ஸ்கெட்ச்சை இணைப்பதே பத்திரம்.

எந்த மென்பொருளும் சொல்லாத ஒன்று மரத்தின் அசைவு. பாளையங்கோட்டை வெயிலில் காய்ந்த தேக்கு, தென்காசி வீட்டில் சாரல் மாதங்களில் ஈரம் இழுக்கும். கிடைவாட்டில் அறுத்த 450 எம்எம் அகலப் பலகை, ஈரம் 4 சதவீதம் ஏறினால் ஏறக்குறைய 3.4 எம்எம் விரியும். சட்டத்துக்குள் வரும் பலகையைக் காடியின் அடிவரை முட்டும்படி வரைந்தால் சட்டத்தின் இணைப்பு பிளக்கும். பக்கத்துக்கு 2 எம்எம் இடைவெளியை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு மாறியாகவே வைத்துவிடுங்கள், பசையும் காடிக்குள் போகக் கூடாது.

செலவைப் பார்த்தால், உலாவியில் ஓடும் இலவச ஸ்கெட்ச்அப்பில் நீட்சிகள் வேலை செய்யாது. சந்தா கட்டும் டெஸ்க்டாப் பதிப்புதான் வழி. ஃப்யூஷன் என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு. விற்பனைக்குச் செய்யும் பட்டறை அதை நம்பி இறங்க வேண்டாம்.

பழைய அக்ரகாரத்து வீடுகளுக்கு ஒரு சோதனை கூடுதல். 2100 உயரம், 600 ஆழமுள்ள அலமாரியைப் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோய் நிமிர்த்த, மூலைவிட்டம் 2184 எம்எம். மச்சு அதைவிடத் தாழ்வாக இருந்தால் மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று படத்திலேயே பிரித்துவிடுங்கள்.

உறுப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கலாம். “இடப்பக்கம்”, “நடுத்தடுப்பு” என்று லேபிளில் அச்சாகும், பூட்டுகிறவருக்கும் சுலபம். டிஎக்ஸ்எஃப் கோப்புப் பெயரும் லேயர் பெயரும் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும். ரௌட்டர் பக்கத்துக் கணினியில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.