யுபிஎஸ்ஸுக்குப் 'புது' பேட்டரி போட்ட கதை: நாகர்கோவில் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் கவனிக்கவும்

பழைய பேட்டரியைப் புதுசென்று என் தலையில் கட்டிய கடையின் பேரைக் கேட்டு யாரும் தனியாக மெசேஜ் போட வேண்டாம், சொல்ல மாட்டேன். கையில் பில் இல்லாமல் ஒரு கடையின் பேரைப் பொதுவில் எழுதினால் நாளைக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். பில் ஏன் இல்லை என்பதும் கீழே வரும். அதில் பாதி என் தப்பு.

எனக்குத் தக்கலை பக்கம். வீட்டிலேயே டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, சபை மடல், கோயில் கொடை நோட்டீஸ், பதினாறாம் நாள் கார்டு, எல்லாம் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில்தான் ஓடுகிறது. எங்கள் மாவட்டத்தில் இந்த வேலைக்கு யுபிஎஸ் (கரண்டு போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் அணையாமல் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இல்லாமல் முடியாது. மற்ற ஊர்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு. ஆனி ஆடியில் காற்றோடு சாரல், ஐப்பசியில் சாயங்காலம் ஆனால் இடி. ரோட்டோரம் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், கரண்டு ஒரு நொடி போய்த் திரும்பி வரும். அந்த ஒரு நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதி வீட்டில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. நான் அப்போது வாங்கவில்லை. 2020 லாக்டவுனில் வீட்டோடு வேலை என்று ஆனதும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் 360 வாட் என்று போட்டிருக்கும். விஏ பெரிய எண், வாட் சின்ன எண்; நமக்குக் கணக்கு வாட்டில்தான். என்னுடைய சிபியு, மானிட்டர், மோடம் மூன்றும் சேர்ந்து 120 வாட்டுக்குள் நிற்கும். புதிதில் கரண்டு போனால் இருபது நிமிஷம் நின்றது. அது எனக்குத் தாராளம். சேவ் பண்ணி, ஒழுங்காக அணைத்துவிட்டு, ஒரு கட்டன்சாயா போடப் போய்விடலாம்.

மூன்று வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, போன செப்டம்பரில் இரண்டு நிமிஷத்துக்கு இறங்கிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட்-ஆசிட் (மூடி ஒட்டிய ஈய-அமில) பேட்டரி. 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் செய்வது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நான் அதை மேஜைக்கு அடியில், சிபியு சூடாக ஊதும் இடத்தில் வைத்திருந்தேன். அந்த இடத்தில் மூன்று வருஷம் வந்ததே பெரிசு.

நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்ல பேச்சு. "யக்கா, போர்டு சூப்பரா இருக்கு, பேட்டரிதான் போச்சு. வச்சிட்டுப் போங்க, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். விலை கேட்டேன். பழசை அவர்கள் எடுத்துக்கொண்டு 1,150. பில் வேண்டுமானால் வரி சேர்ந்து இருநூறு கூடும். நான் யோசிக்கவே இல்லை, "பில் எதுக்கு, அது இல்லாமலே போடுங்க" என்றேன். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில்தான் பஸ் ஏறினேன் என்பதையும் வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் போனபோது யுபிஎஸ் மூடித் தயாராக இருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு அதில் ஒரு எல்இடி பல்பைப் போட்டுக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. நானும் அவரும் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம், அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. "பாத்தியளா, அணையவே மாட்டேங்கு!" வாரண்டி கேட்டதற்கு விசிட்டிங் கார்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் '6 மாசம்' என்று எழுதித் தந்தார். தேதி போடவில்லை. பணத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். ஜிபேயில் போட்டிருந்தாலாவது ஒரு தடம் இருந்திருக்கும்.

அந்த பல்பு வித்தையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நான் விழுந்தேன். அது 9 வாட் பல்பு. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி என்றால் கணக்குப்படி 84 வாட்-மணி, அதாவது 84 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு. உயிர் போகிற நிலையில் இருக்கும் பேட்டரியில் அதில் ஆறில் ஒரு பங்குதான் பாக்கி என்று வைத்தாலும், 9 வாட் பல்பை அது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் எரிக்கும். கம்ப்யூட்டரோ அதைப்போல் பதின்மூன்று மடங்கு இழுக்கும். வேகமாக இழுக்க இழுக்க லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவும் சுருங்கும். அந்த 7 என்ற எண்ணே இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. பழைய பேட்டரி பல்புக்கு நிற்கும், கம்ப்யூட்டருக்கு முறியும். கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

முதல் மூன்று வாரம் குறை தெரியவில்லை. எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் நின்றது. முன்னே இருபது நின்றதே என்று தோன்றியது. புது பேட்டரி செட்டாக நாள் எடுக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். திங்கள்சந்தை பக்கத்து வீடு ஒன்றின் கல்யாணப் பத்திரிகை, மறுநாள் காலை எட்டு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்குத் தாய்மாமன்மார் பேர் வரிசையைத் திருத்திக்கொண்டிருந்தேன். (பத்திரிகையில் பேர் வரிசை மாறினால் கல்யாணமே நிற்கும் ஊர் இது, அடிக்கிறவர்களுக்குத் தெரியும்.) இடி ஒன்று விழுந்தது, லைட் போனது, யுபிஎஸ் 'கீ' என்று ஒரே ஒரு தடவை கத்தியது, திரை கறுப்பானது. சேவ் பண்ண மவுஸைக்கூட நகர்த்த முடியவில்லை. கரண்டு வந்ததும் திறந்து பார்த்தால் ஃபைல் திறக்க மறுத்தது. பழைய பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடிய முழுவதையும் மறுபடி அடித்தேன்.

மறுநாள் கடைக்குப் போன் பண்ணினேன். "லேசர் பிரிண்டரை அதுல சொருகினியளாக்கா?" என்று முதல் கேள்வியே வந்தது. சொருகியிருந்தேன், ஒரே ஒரு நாள். லேசர் பிரிண்டர் சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும், இந்த யுபிஎஸ் தாங்காது. அன்றைக்கே ஓவர்லோடு சத்தம் கேட்டுப் பிடுங்கிவிட்டேன். அது தப்புதான், ஆனால் அது பழைய பேட்டரி இருந்த காலம். உண்மையைச் சொன்னதும் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பின்னே எப்பிடிக்கா வாரண்டி தர முடியும்? உங்க ஊர்ல வோல்டேஜும் சரியில்ல. ஒரு ஸ்டெபிலைசர் போடுங்க, நானே நல்லதா தாறேன்." அடுத்த வியாபாரமும் ஆரம்பித்தாயிற்று.

எங்கள் தெருவில் ஈபியில் லைன்மேனாக இருந்து ரிட்டயரான மாமா ஒருவர் இருக்கிறார். சொந்தமில்லை, தெருவுக்கே மாமா. அவரிடம் சொன்னேன். மீட்டரும், பைக் ஹெட்லைட் பல்பு ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தார். யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, அடிப்பக்கம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்தார். சும்மா வைத்து அளந்தால் மீட்டர் 12.6 காட்டியது. "இதப் பாத்துத்தான் எல்லாரும் ஏமாறுது மக்கா" என்று சொல்லிக்கொண்டே அந்த 35 வாட் பல்பை இரண்டு முனையிலும் மாட்டினார். நல்ல 7 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த பல்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டும். மீட்டர் 11.4 என்றது. 10.9. 10.2. பல்பு மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகி, மூன்றாவது நிமிஷம் உள்ளே கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. 9க்குக் கீழே போனதும் கழற்றிவிட்டார்.

பிறகு பேட்டரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்மூடியின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. நான் தூசி என்று துடைக்கப் போனேன். "தூசி இல்ல மக்கா, ஃபெவிக்விக் போட்டா இப்பிடித்தான் வெள்ள பூக்கும்" என்றார். மூடியை நெம்பி எடுத்து, அடியில் இருக்கும் ஆறு ரப்பர் மூடியையும் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இரண்டு நாள் சார்ஜில் போட்டு, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கொஞ்ச நாள் உயிர் வரும். தகட்டில் படிந்துபோன சல்பேட்டு அதில் கரையாது. (வீட்டில் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம், உள்ளே இருப்பது கந்தக அமிலம்.) வயர் சொருகும் இரண்டு தகரநாக்கிலும் பல தடவை சொருகிக் கழற்றிய கீறல். பக்கவாட்டில் தயாரிப்புக் குறி இருக்க வேண்டிய இடம் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கிக் கிடந்தது.

ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதுசு. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், கிழிந்ததே தவிர வரவில்லை. சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தோசைத் திருப்பியால் மெதுவாக வழித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதே கம்பெனியுடையது, நிறம் மங்கி. அதன்மேல் கறுப்பு மார்க்கரால் இங்கிலீஷில் '14/8/19' என்றும், கீழே 'செட் 2 – 11' என்றும் எழுதியிருந்தது. வரிசையாகப் பேட்டரி அடுக்கி வைக்கிற ஏதோ ஆபீஸில் ஒரு செட்டில் பதினோராவதாக உட்கார்ந்திருந்த பேட்டரி போல. அங்கே ஆயுள் முடிந்து, மொத்தமாக எடைக்குப் போட்டதில் தப்பித்து, எண்ணெய்க் குளியலுக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் பழைய பேட்டரியைவிட இது ஒரு வயது மூப்பு!

எடையைத் தூக்கிப் பார்த்தால் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று வீடியோக்களில் சொல்வார்கள். மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கிலோவுக்கு மேல் சரியாகவே நின்றது. இது போலி இல்லை, அசல் கம்பெனி பேட்டரிதான். கிழடு, அவ்வளவுதான்.

எண்ணெய் வழியும் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போனேன். கடைக்காரர் முகம் ஒரு வினாடி மாறியது. அடுத்த வினாடி, "இது எங்க பேட்டரியே இல்ல. வேற எங்கயோ மாத்திட்டு இங்க வந்து சொல்லுதிய" என்றார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். கார்டை நீட்டினேன். "6 மாசம்னு எழுதியிருக்கு, எதுக்குன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915 என்பது எனக்குத் தெரியும். நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். பில் கொடுக்காமல் விற்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். எல்லாம் சரி, அங்கே போய் எதைக் காட்டுவது? கேட்காமல் விட்டது நான்.

அடுத்த பேட்டரியை மார்த்தாண்டத்தில் வேறு கடையில், பில்லோடு, பெட்டி பிரிக்காமல் வாங்கினேன். வாங்கும்போதே ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கடைக்காரப் பையன் ஒரு மாதிரிப் பார்த்தான். பெட்டியில் உள்ள குறியும் பேட்டரியின் உடம்பில் உள்ள குறியும் ஒன்றா, எத்தனை மாதத்துக்கு முந்தியது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். சார்ஜ் போடாமல் ஒரு வருஷம் அலமாரியில் கிடந்தது என்றால் புதுசும் பழசுதான். மாமா மாட்டித் தந்தார். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. வயரைக் கழற்றும் முன் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டால் இது பத்து நிமிஷ வேலை. ரிப்பேருக்கே கொடுக்கிறவர்கள் பேட்டரியைக் கண்முன்னால் மாற்றச் சொல்லுங்கள். சோதிக்கும்போது எல்இடி பல்பு வேண்டாம்; கடையில் இருக்கும் கம்ப்யூட்டரையோ 100 வாட் குண்டு பல்பையோ போடச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது எனக்குப் பதினெட்டு நிமிஷம் நிற்கிறது, யுபிஎஸ்ஸையும் மேஜைக்கு மேலே காற்றோட்டமாக வைத்துவிட்டேன்.

அந்தக் கிழட்டுப் பேட்டரி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. போன வாரம் அதே நாகர்கோவில் கடையிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். "யக்கா, அண்ணன் கேக்கச் சொன்னாவ, அந்த பேட்டரி உங்களுக்குத் தேவைப்படாதுன்னா நூறு ரூபா தாறோம், கொண்டு வாறியளா?"